ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

கறவை மாட்டின் மூத்திரம் திடீரென்று காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கினால் நம் பக்கத்தில் உடனே நடப்பது ஒன்றுதான். கைக்கு எட்டியவர் யாரையாவது கூப்பிட்டு, "உண்ணிக் காய்ச்சல் ஊசி" ஒன்று போடச் சொல்கிறோம். கூடவே ஈரலுக்கு என்று ஒரு டானிக் பாட்டில். மாடு பிழைத்தால் ஊசியின் பெருமை. செத்தால் நம் தலைவிதி. பட்டாபிராம் ஆனாலும், திருவேற்காடு ஆனாலும், திருமழிசை ஆனாலும் இதே கதைதான்.

இந்தப் பழக்கம் தவறு என்பது என் அபிப்பிராயம். ரத்த மூத்திரம் என்பது ஒரு வியாதி அல்ல. ஐந்தாறு வியாதிகளின் பொது அடையாளம். அவற்றில் ஒன்றுக்கு உயிர் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்குத் தண்ணீருக்குச் சமம். எந்த வியாதி என்று தெரிந்துகொள்ள ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் விவசாயிகளாகிய நமக்கு வர வேண்டும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பூந்தமல்லிக்கு மேற்கே, நேமம் ஏரிப் பக்கத்தில் நான்கு மாடு வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஈற்று ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்று, கன்று ஈன்ற 17-ஆம் நாள் சிவப்பாக மூத்திரம் விட்டது. வேளைக்கு 7 லிட்டர் கறந்த மாடு அன்று 2 லிட்டர்தான் கொடுத்தது. சாணி கல்லாக இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது இரண்டு முழம் தள்ளி நின்றாலும் தெரிந்தது. வந்தவர் மடிக்குப் பக்கத்தில் நாலைந்து உண்ணிகளைக் கண்டார். உடனே உண்ணிக் காய்ச்சல் ஊசி போட்டார். மறுநாள் இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் விடியற்காலை மாடு எழுந்திருக்கவில்லை.

பிறகு வந்து பார்த்த கால்நடை டாக்டர் மூன்றே கேள்விகள் கேட்டார். ஈன்று எத்தனை நாள் ஆயிற்று? காய்ச்சல் இருந்ததா? என்ன தீனி போட்டீர்கள்? காய்ச்சல் இருந்ததா என்று எனக்கே தெரியாது. யாரும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. தீனியோ, வைக்கோலும் சந்தைக் கழிவுக் காய்கறியும்தான். தவிடு விலை ஏறிவிட்டது என்று அந்தப் பருவம் குறைத்திருந்தேன். அவர் கொட்டிலில் கறவையில் இருந்த மற்றொரு மாட்டின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் பாஸ்பரஸ் மிகவும் குறைவு என்று வந்தது. செத்த மாட்டின் மூத்திரச் சிவப்புக்கும் உண்ணிக்கும் சம்பந்தம் இருந்திருக்காது என்றார்.

இதோடு நின்றிருந்தால் நான் வேறு விதமான முட்டாளாக ஆகியிருப்பேன். இரண்டு ஆண்டு கழித்து மழை விட்ட சமயத்தில் இன்னொரு மாடு அதே நிறத்தில் மூத்திரம் விட்டது. டாக்டரிடம் நானே முந்திக்கொண்டு, "பாஸ்பரஸ் குறைவு ஐயா, அதை ஏற்றுங்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தெர்மாமீட்டர் வைத்தார். 106 டிகிரி. காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு போனார். அன்று மாலையே முடிவு வந்தது. சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாக ஒட்டிய கிருமி. உண்ணிக் காய்ச்சலேதான். டைமினசீன் ஊசி ஒன்று போட்டார். மூன்றாம் நாள் மூத்திரம் தெளிந்துவிட்டது. என் "அனுபவத்தை" நம்பியிருந்தால் அந்த மாட்டையும் குழியில்தான் இறக்கியிருப்பேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ரத்தத்தின் நிறம் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற பொருளால் வருவது. மாட்டின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ ஐந்து மாதம் வாழும். பழையது அழிய, புதியது எலும்பு மஜ்ஜையில் பிறக்கும். ஏதோ ஒரு காரணத்தால் அணுக்கள் கூட்டம் கூட்டமாக ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்தால், உள்ளே இருந்த சாயம் வெளியே கொட்டிச் சிறுநீரகம் வழியாக மூத்திரத்தில் இறங்குகிறது. உடைந்ததில் ஒரு பங்கு ஈரலில் பித்த நிறமாக மாறுகிறது. அதனால்தான் கண் இமையின் உட்புறம் முதலில் வெளுத்து, பிறகு மஞ்சளாகிறது. மஞ்சளைக் கண்டதும் "ஈரல் கெட்டுவிட்டது" என்று டானிக் ஊற்றுகிறோம். ஈரல் பாவம், வந்து விழுந்த சுமையைச் சுமக்கிறது. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

சிவப்பு மூத்திரம் எல்லாம் இப்படி அணு உடைந்து வருவதும் அல்ல. மூத்திரப் பையில் புண்ணோ கல்லோ இருந்தால் முழு ரத்தமே கலந்து வரும். நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் ஒரு வகைப் பெரணிச் செடியைத் தொடர்ந்து மேயும் மாடுகளுக்கு இப்படி வருவதுண்டு. இரண்டையும் பிரித்தறியச் செலவே இல்லை. மூத்திரத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தம். எத்தனை நேரம் வைத்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நின்றால் அணுக்கள் உடைகின்றன என்று பொருள்.

அடுத்து தெர்மாமீட்டர். மாட்டின் ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 101 முதல் 102 டிகிரி வரை சாதாரணம். சிவப்பு மூத்திரத்தோடு 105, 106 என்று ஏறியிருந்தால் பெரும்பாலும் உண்ணியால் பரவும் பபீசியா. காய்ச்சலே இல்லை, ஈன்று இரண்டு முதல் நான்கு வாரம்தான் ஆகிறது, நல்ல கறவை, மூன்றாம் ஈற்றுக்கு மேல் என்றால் முதலில் பாஸ்பரஸ் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். சிவப்பணு தன் உறை கலையாமல் இருக்கச் சக்தி தேவை; அந்தச் சக்திக்குப் பாஸ்பரஸ் வேண்டும். அது வற்றினால் அணு தானாகவே வெடிக்கிறது. எருமைகளுக்கு நிறைசினையிலும் இது வரும்.

ஆனால் பாட்டிலும் தெர்மாமீட்டரும் பாதி வழிதான் காட்டும். உண்ணியால் வரும் மற்ற இரண்டு வியாதிகளில் மூத்திரம் சிவப்பாகாமலே சோகை முற்றிவிடும். ஒன்று தைலேரியா: கடும் காய்ச்சலோடு தோள்பட்டைக்கு முன்னால் கழலை போல் வீங்கும், கலப்பினக் கன்றுகளை வாரிக்கொண்டு போவது இதுதான். மற்றது அனாபிளாஸ்மா: மாடு வெளுத்து, மஞ்சளாகி, மலம் கட்டி, நாளுக்கு நாள் எலும்பாகும். பபீசியாவுக்கு டைமினசீன், தைலேரியாவுக்கு புபார்வகுவோன், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். மூன்றும் மூன்று மருந்து. புபார்வகுவோன் விலை கூடுதல். யூகத்தின் பேரில் போட்டுப் பார்க்கச் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரால் வரும் எலிக் காய்ச்சலும், முக்கியமாகக் கன்றுகளில், சிவப்பு மூத்திரத்தை உண்டாக்கும். அது மனிதருக்கும் தொற்றும். ஆகவே காய்ச்சல் கண்ட மாட்டின் மூத்திரத்தைப் புண்ணுள்ள கையாலோ வெறுங்காலாலோ தொடலாகாது.

இவற்றில் உண்ணி வியாதிகளைப் பிரித்துக் காட்டுவது கண்ணாடித் துண்டில் தேய்த்த ஒரு சொட்டு ரத்தம். அதை மெதில் ஆல்கஹாலில் நனைத்து, ஜீம்சா என்ற சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எந்தக் கிருமி என்று தெரிந்துவிடும். ஒரு நிபந்தனை உண்டு. ஊசி போடுவதற்கு முன்னால் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். மருந்து உள்ளே போனபின் கிருமி ரத்தத்திலிருந்து மறைய ஆரம்பிக்கும். அப்போது எடுத்தால் "ஒன்றும் இல்லை" என்று வரும். நம்மில் பலர் இரண்டு ஊசி வீணான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே உள்ளவரையும் இருட்டில் துழாவ வைக்கிறோம்.

ரத்தம் எடுத்துத் தேய்ப்பது பெரிய வித்தையா? ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு மலேரியாக்காரர் நினைவிருக்கும். 1958-ல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் வந்தபின், காக்கிப் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து, "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டு, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு போவார். அவர் டாக்டர் அல்லர். சில நாள் பயிற்சி பெற்ற ஊழியர். மனிதனின் காய்ச்சலுக்கு வாசல் தேடி வந்து கண்ணாடி எடுத்த நாட்டில், மாட்டின் காய்ச்சலுக்கு ஏன் எடுக்கக் கூடாது?

இவ்விஷயத்தில் மாடுதான் மூத்தது என்பது பலருக்குத் தெரியாது. ருமேனியாவின் விக்டர் பாபெஸ் 1888-ல் மாட்டுச் சிவப்பணுவுக்குள் இந்தக் கிருமியைக் கண்டார். அவர் பெயரால்தான் பபீசியா. அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் 1893-ல் இதைப் பரப்புவது உண்ணி என்று நிரூபித்தார்கள். பூச்சி புழு ஒன்று வியாதியை உடம்புக்கு உடம்பு கொண்டுபோகும் என்ற வழியில் இது பெரிய திறப்பு. கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது நான்கு ஆண்டு கழித்து, 1897-ல்.

கண்ணாடியை வற்புறுத்துவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரத்தம் வற்றிய மாட்டை நடத்தக் கூடாது. சோகை முற்றிய மாட்டின் இருதயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மைல் நடத்தினால் வழியிலேயே விழும். நம் பக்கத்துச் சாலைகளின் நிலைமை சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. டிரங்க் ரோட்டில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்குள் நாமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும். மாட்டை வண்டியில் ஏற்றி இறக்கினால் அதற்கும் களைப்பு, நமக்கும் வாடகை. கண்ணாடித் துண்டோ சட்டைப் பையில் பஸ் ஏறிப் போய்விடும். மாடு நிழலில் படுத்திருக்கலாம்.

கண் இமை காகிதம் போல் வெளுத்துவிட்ட மாட்டுக்கு எந்த மருந்தும் தனியாக உதவாது. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மாட்டுக்கு மாடு ரத்தம் ஏற்றலாம் என்றால் சிலர் நம்புவதில்லை. ஆரோக்கியமான ஒரு மாட்டிலிருந்து நான்கைந்து லிட்டர் எடுத்து ஏற்றுவது நடைமுறையில் உள்ளதுதான். மனிதருக்குப் போல் முதல் தடவைக்கு வகைப் பொருத்தம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. மறுபடி சில நாள் கழித்து ஏற்றும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி நமக்கு எட்டுகிற தூரம்தான். இதை மற்ற மாவட்டக்காரர்கள் பொறாமைப்பட வேண்டும். மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதாலேயோ என்னவோ நாம் அவற்றை எட்டிப் பார்ப்பதில்லை.

இனி தீனி. பாஸ்பரஸ் குறைவுக்குச் சிகிச்சை டாக்டர் கையில்தான். சோடியம் ஆசிட் பாஸ்பேட் 60 கிராமை 300 மில்லி வடிநீரில் கரைத்து ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். கடையில் கிடைக்கும் வேறு பாஸ்பேட் மாவைக் கரைத்து ஏற்றச் சொல்லி யாரும் விளையாடக் கூடாது. வராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. கணக்கு மிகவும் சுலபம். ஒரு லிட்டர் பாலோடு ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பரஸ் வெளியே போகிறது. ஒரு கிலோ வைக்கோலில் இருப்பதும் சுமார் 1 கிராம்தான். அதிலும் ஒரு பங்கே உடம்பில் சேரும். நாளுக்கு 14 லிட்டர் கறந்துகொண்டு, 6 கிலோ வைக்கோலைப் போட்டால் மாடு எங்கிருந்து கொடுக்கும்? தன் எலும்பிலிருந்தும் ரத்தத்திலிருந்தும்தான். அரிசித் தவிட்டில் கிலோவுக்கு 12 கிராமுக்குக் குறையாமல் உண்டு. சேலத்துப் பக்கத்திலிருந்து வரும் மரவள்ளித் திப்பியில் சொற்பமே. விலை மலிவு என்று தவிட்டை நிறுத்தித் திப்பிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தவிடு ஒன்றையே அள்ளிக் கொட்டினால் சுண்ணாம்புச் சத்து குறையும். எனவே நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும் சேர்த்து, சினையின் கடைசி இரண்டு மாதத்திலிருந்தே கொடுத்துவர வேண்டும். ஒரு எச்சரிக்கை: மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறி ஆட்டுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் ஆட்டின் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் அதன் சிவப்பணுக்களை உடைத்து, இதே சிவப்பு மூத்திரத்தோடு கொல்லும்.

கழிவுக் காய்கறி விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது முதல் மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கோயம்பேட்டுக் கழிவு நம் மாடுகளுக்குப் பாதிச் சோறு. 2020-ல் கொரோனாவுக்காக அந்தச் சந்தையை மே முதல் செப்டம்பர் வரை திருமழிசைக்கு மாற்றியபோது வாசலிலேயே வந்து விழுந்தது. முட்டைக்கோசும் முள்ளங்கியும் போகட்டும். வெங்காயம் அப்படி அல்ல. அழுகலானாலும் முளைத்ததானாலும் வெங்காயத்திலுள்ள கந்தகப் பொருள் மாட்டின் சிவப்பணுவை உடைக்கும். ஆட்டை விட மாட்டுக்கே இது கடுமை. மொத்தத் தீனியின் காய்ந்த எடையில் கால் பங்குக்கு மேல் வெங்காயம் போனால் சில நாளில் மாடு தள்ளாடும், மூத்திரம் கருஞ்சிவப்பாகும், மூச்சில் வெங்காய வாடை அடிக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நிறுத்துவதுதான் மருந்து. லாரிக்காரர் ஓசியில் இறக்கிய மூட்டையை ஒரே வாரத்தில் தீர்க்கப் பார்க்கும் நம் ஆசையே இதற்குக் காரணம்.

உண்ணிக்கு மருந்து தெளிப்பவர்கள் மாட்டின்மேல் மட்டும் தெளிக்கிறார்கள். மாட்டின் உடம்பில் சுமார் மூன்று வாரம் தங்கி ரத்தம் குடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பபீசியாக் கிருமி அந்த முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். ஆகவே சுவர் வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். டப்பாவில் கண்ட அளவுப்படி, அதில் சொல்லிய இடைவெளியில் திரும்பவும் தெளிக்க வேண்டும். வசம்பு, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், துளசி அரைத்துத் தடவுவது நல்ல துணை. கொட்டிலில் நாலு நாட்டுக்கோழி விட்டால் அதுவும் பொறுக்கும். நாட்டு மாடுகள் உண்ணியோடு பழகியவை. கலப்பினப் பசுக்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. உண்ணி அதிகம் இல்லாத இடத்திலிருந்து வாங்கி வந்த மாடு என்றால் முதல் மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

சர்க்காரிடமும் சங்கத்திடமும் நான் கேட்பது பெரிதல்ல. ஒன்றியத்துக்கு ஒரு கால்நடை மருந்தகத்திலாவது சாயம் ஏற்றிப் பார்க்கும் வேலை தினமும் நடக்க வேண்டும். முடிவு அன்று மாலைக்குள் சொல்லப்பட வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் நடமாடும் வண்டியில் வருபவர்கள் சிவப்பு மூத்திர மாடு என்றால் ஊசிக்கு முன் கண்ணாடி எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பால் உற்பத்தியாளர் சங்கத்தில் பால் அளக்கும் பையன் ஒருவனுக்கு, காது நுனியில் குத்தித் தேய்க்க டாக்டரே ஒரு நாள் கற்றுக்கொடுக்கலாம். டாக்டர்கள் குறைவு என்ற பதில் வரும். குறைவு என்பதால்தான் கேட்கிறேன். ஒரு டாக்டர் ஒரு நாளில் பத்துக் கொட்டிலுக்குப் போக முடியாது. பத்துக் கண்ணாடியைப் பார்க்க முடியும்.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். ஒரு பெட்டிக் கண்ணாடித் துண்டு, ஒரு தெர்மாமீட்டர், நான்கு காலி பாட்டில், கொஞ்சம் மெதில் ஆல்கஹால். சங்கத்தின் ஒரு வேளைப் பால் பணத்தில் மிச்சம்தான் இருக்கும்.